உள்மூட்டம்

பதினாறு நாளைக்குப் பிறகு வெயில் வந்தது.
அன்றுதான் பார்த்தேன்.
கந்தப்பளை முழுக்கத் தெளிந்து கிடக்க
என் ஜன்னலுக்குள் மட்டும் மழைக்காலம்.

துணியால் துடைத்தேன். போகவில்லை.
வெளியே போய், கோவா பாத்தியில் ஒரு கால் வைத்து
அந்தப் பக்கமும் துடைத்தேன்.
இரண்டு பக்கமும் என் கைக்கு எட்டும்.
மூட்டம் இருந்தது மூன்றாவது பக்கத்தில்.

இரட்டைக் கண்ணாடி.
நுவரெலியாவில் ஒரு ஹோட்டலை இடித்தபோது
மூன்று ஜன்னல், சட்டத்தோடு,
லொறிக் கூலி சேர்த்து அறுபதாயிரம்.
குவைத்தில் நான் துடைத்த வீட்டிலும் இதே ஜாதிதான்.
அங்கே வெயில் உள்ளே வராமலிருக்க,
இங்கே அடுப்புச் சூடு வெளியே போகாமலிருக்க.
"காசு குடுத்து உள்ளாரயும் மிஸ்ட் வாங்கியிருக்கா"
என்று பக்கத்து வீட்டு மரகதவல்லி
சிரித்ததில் தப்பில்லை.

ஹாட்வெயார் ரிஸ்மி கணக்குப் புத்தகத்திலிருந்து
தலை தூக்காமலே சொன்னார்:
"ஓரத்துப் பசை விட்டிருக்கும். மாத்துறதுன்னா கொழும்பு.
கொழும்புன்னா, ஒரு ஜன்னலுக்கு ஒங்கட கூரை போயிரும்."
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"ஓட்டை போட்டுக் காய வெக்கலாம்.
ஒடஞ்சா எண்ட பேரச் சொல்லக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை.
நாலு மில்லிமீட்டர் வைரமுனை,
ஊசி இல்லாத சிரிஞ்ச், ஸ்பிரிட்,
சப்பாத்துப் பெட்டிகளில் சேர்த்த
சிலிக்கா பொட்டலம் பதினொன்று,
மணப்பெண் அலங்காரம் செய்யும் தர்ஷிகாவிடம்
ஐந்து மணிக்குள் தருவதாக வாங்கிய ஹெயார் டிரையர்.
ஐந்தரைக்கு அவளுக்கு ராகலையில் கல்யாண வீடு.

தவராசா போத்தலால் தண்ணீர் சொட்டவிட
நான் துளைத்தேன்.
பல் டாக்டர் அறைச் சத்தம்.
"அமுக்காத" என்றார். அமுக்கவில்லை.
"அமுக்காத புள்ள" என்றார். அமுக்கினேன்.
மூலையில் தொடங்கிய கோடு
அவசரமே இல்லாமல் எதிர்மூலைக்குப் போனது,
யாரோ அளவு பார்க்கப் பென்சிலால் இழுப்பது போல.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
போத்தல் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஜன்னலில்
டிரில்லின் பாரமே போதுமென்று விட்டுவிட்டேன்.
மேலே ஒரு துளை, கீழே ஒன்று.
ஸ்பிரிட்டை ஏற்றி, வடியவிட்டு, ஆறவிட்டு,
சூட்டை ஊத ஊத
மூட்டம் ஓரங்களிலிருந்து சுருங்கியது.
ரொட்டி அளவு.
பிறகு பத்து ரூபாய்க் குற்றி அளவு.
அதோடு நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தேன். பெருவிரல்.
ஒட்டும்போது யாரோ உள்ளே பதித்த ரேகை.
சுழி சுழியாக, ஒரு கோடு தப்பாமல்.
எந்த ஊர் கம்பனியோ,
ஆணோ பெண்ணோ, பகல் வேலையோ இரவு வேலையோ.
மேலதிகாரி பார்ப்பதற்குள்
அடுத்த கண்ணாடியை வைத்து மூடியிருப்பார்கள்.

பாஸ்போர்ட் கந்தோரில்
என் பெருவிரலை மெஷின் மூன்று தடவை தள்ளியது.
"கைய நல்லாத் தொடைங்க" என்றான் அந்தப் பையன்.
துடைத்துத் துடைத்துத்தானே தம்பி தேய்ந்தது.

சிரிஞ்சில் இன்னும் ஸ்பிரிட் இருந்தது.
"அதையும் அடிச்சிரு" என்றார் தவராசா.
மணி நாலே முக்கால்.
டிரையரை அணைத்தேன்.
பொட்டலங்களைப் பிரித்து
மேல்துளை வழியாக மணிமணியாக உருட்டிவிட்டு
இரண்டு வாயையும் சிலிக்கன் வைத்து அடைத்தேன்.
டிரையரோடு தவராசா ஓடினார்.

விரிந்த ஜன்னலில் செலோடேப் குறுக்கே போகிறது.
மூன்றாவதை இன்னும் தொடவில்லை,
தைரியம் வரட்டும்.

நேற்று விடியக்காலை
நடு ஜன்னல் முழுக்க வெள்ளை.
"திரும்ப வந்திருச்சா?"
போர்வைக்குள்ளிருந்து தவராசா.
கதவைத் திறந்தேன்.
கோவா பாத்தி இல்லை. மரகதவல்லி வீடு இல்லை.
ரோட்டில் ஒரு பஸ் ஹோர்ன் மட்டும் போனது.
"இல்ல" என்றேன். "இது ஊரோடது."

உள்ளே வந்து
அந்த விரல் எங்கே இருந்ததென்று
தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரமானது.